தொலையாத மனிதர்: மிசிசிப்பி ஜான் ஹர்ட் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கழுத்து வலியிலிருந்து தொடங்குகிறேன்.

1928 பிப்ரவரி 14. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஒரு பெரிய கூடம். உள்ளே மூன்றே பேர். ஓக்கே இசைத்தட்டுக் கம்பெனியின் டாமி ராக்வெல், பதிவு இயந்திரத்தைக் கவனித்துக்கொண்ட ஒருவர், நாற்காலியில் கிட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பின விவசாயி. மைக்கை அவர் வாய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சரியான இடம் அமைந்ததும், இனித் தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கோ உள்ளுக்குள் நடுக்கம். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே எட்டுப் பாட்டுப் பாடி முடித்தார். அப்புறம் பல நாள் கழுத்து வலித்ததாம். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அந்த நாளைப் பற்றிக் கேட்டவர்களிடம் அவர் சொன்னது இந்த வலியைத்தான்.

அந்த எட்டில் இரண்டு மட்டும் ஒரு தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தன. அதே ஆண்டு டிசம்பர் 21, 28 தேதிகளில் நியூயார்க்கில் மறுபடியும் பதிவு செய்தார்கள். எல்லாம் சேர்த்து ஆறு தட்டுகள், பன்னிரண்டு பக்கங்கள். பிறகு ஜான் ஸ்மித் ஹர்ட் ரயிலேறி ஊருக்குப் போனார். இசையுலகம் அவரை அடுத்துப் பார்த்தது 1963 மார்ச்சில். அப்போது அவருக்கு எழுபது வயது. மாடு பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சொந்தமாக ஒரு கிட்டார்கூட இல்லை.

இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். காணாமல் போன மேதை, காட்டுப்பக்கத்துக் குடிசையில் கண்டெடுக்கப்பட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதிகளையும் இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தச் சொல்முறை நிற்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஹர்ட் எங்கும் போகவில்லை. போகப்போகிற இடத்தைப் பாட்டிலேயே சொல்லிவிட்டு, அங்கேயே போய் இருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை, அவ்வளவுதான். ஏன் அப்படி ஆனது, அதில் யாருக்கு எது நஷ்டம், எது தப்பிப் பிழைத்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

மலையடியும் சமவெளியும்

மிசிசிப்பி மாநிலத்தில் டெல்டா என்று சொல்லப்படுவது தட்டையான, கரிசல் போன்ற வளமான பருத்தி நிலம். சார்லி பேட்டன், சன் ஹவுஸ் போன்றவர்களின் ப்ளூஸ், அதாவது கறுப்பின மக்களின் ஒரு பாட்டு வகை, அங்கிருந்து வந்தது. தொண்டை கிழியப் பாடுவது, கம்பியை அறைவது, கேட்பவரை உலுக்கி எடுப்பது அந்தப் பாணி. அந்தச் சமவெளி முடிந்து குன்றுகள் தொடங்கும் விளிம்பில், கேரல் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது அவலான். ஊர் என்று சொல்வதே அதிகம். ஒரு கடை, சிதறிக் கிடக்கும் வீடுகள், வயல்கள். ஹர்ட் பிறந்தது 1890களின் தொடக்கத்தில், பக்கத்தில் இருக்கும் டியோக்கில். வளர்ந்ததும், வாழ்ந்ததும், கடைசியில் புதைக்கப்பட்டதும் அவலான் பக்கம்தான்.

ஒன்பது வயது வாக்கில் கிட்டார் கைக்கு வந்தது. அவர் படித்த பள்ளியின் ஆசிரியையைப் பார்க்க ஒருவர் வருவார். வந்தால் ஹர்டின் வீட்டில்தான் தங்குவார், கிட்டாரும் கூட வரும். அதைத் தொடக்கூடாது என்பது கட்டளை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பையன் எழுந்து அதை எடுத்து மெல்ல வாசித்துப் பழகினான். ஒருநாள் அம்மா விழித்துக் கேட்டுவிட்டார். திட்டு விழவில்லை. ஒன்றரை டாலருக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பையன் 'பிளாக் ஆனி' என்று பெயர் வைத்தான்.

அம்மா தூங்கும்போது வாசித்துப் பழகியவர் என்பதை நான் சும்மா சுவைக்காகச் சொல்லவில்லை. கடைசிவரை அவர் வாசிப்பில் ஓர் அடக்கம் உண்டு. பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போன்ற வாசிப்பு. இது என் ஊகம்தான், ஆனால் அவர் பதிவுகளைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த இருட்டு வீடுதான் நினைவுக்கு வருகிறது.

பள்ளிப் படிப்பு சீக்கிரமே நின்றது. வயல் வேலை. கொஞ்ச காலம் ரயில் பாதை போடும் வேலை. சனிக்கிழமை இரவு நடனத்துக்கு வாசிப்பது, கடை வாசலில் வாசிப்பது. ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஹர்ட் அந்த வாழ்க்கைக்குப் போகவில்லை. பயிர் வைத்தார், குடும்பம் நடத்தினார், கேட்டவர்களுக்கு வாசித்தார்.

கட்டைவிரலின் வேலை

அவர் ஏன் முக்கியம் என்று புரியவேண்டுமானால் வலது கையைப் பார்க்க வேண்டும்.

மோதிர விரலும் சுண்டு விரலும் கிட்டாரின் மேற்பலகையில் ஊன்றி நிற்கும். மீதி மூன்று விரல்தான் வேலை செய்யும். கட்டைவிரல் கீழ்ஸ்தாயிக் கம்பிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மீட்டுகிறது. இடது கை 'சி' கார்டு என்ற ஸ்வரக்கூட்டைப் பிடித்திருந்தால் ஐந்தாவது கம்பி, நான்காவது கம்பி, ஐந்தாவது, நான்காவது. நடக்கிற காலடி மாதிரி. பாட்டு தொடங்கியதிலிருந்து முடிகிறவரை அந்த நடை நிற்காது, வேகம் மாறாது. அதற்கு மேலே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிக்கின்றன. மெட்டு காலடியோடு சேர்ந்தே விழுவதில்லை. சில ஸ்வரங்கள் அடிக்கு முன்னால் துள்ளி வருகின்றன, சில இரண்டு அடிகளுக்கு நடுவில் வந்து உட்காருகின்றன.

முதல்முறை பழகுகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். மெட்டு துள்ளினால் கட்டைவிரலும் கூடவே துள்ளிவிடும். நடுவிரல் காத்திருந்தால் அதுவும் நின்றுவிடும். கட்டைவிரலைத் தனி ஆளாக ஆக்க மாதக்கணக்கில் ஆகும். அது ஒருநாள் தானாக நடக்க ஆரம்பிக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தை வாசித்தவர்கள்தான் அறிவார்கள். இரண்டு பேர் வாசிப்பது போல் கேட்கும். பியானோக்காரரின் இடது கையும் வலது கையும் ஒரே கிட்டாருக்குள் வந்துவிட்ட மாதிரி. அந்தக் காலத்தில் பரவியிருந்த ராக்டைம் பியானோ இசையின் சாயல் இதில் தெளிவாக இருக்கிறது.

யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியதோ அப்படி ஒலிக்கவைத்தேன் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம்.

இன்னொன்றையும் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். ஒரு வரியைப் பாடத் தொடங்குவார், பாதியில் குரலை விட்டுவிடுவார். மீதி வரியைக் கிட்டார் சொல்லி முடிக்கும். சொல் இல்லாமலே சொல் கேட்கும். குரலும் அப்படித்தான், உரக்கப் பாடமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரல். 'லூயி காலின்ஸ்' என்ற பாட்டு ஒரு கொலையைப் பற்றியது. சுட்டுக் கொல்லப்பட்டவன், அழுகிற தாய், அடக்கம் செய்யப் போகும் ஊர்ச்சனம். ஊரில் பேசிக்கொண்டதைக் கேட்டு அவரே கட்டிய பாட்டு. தாலாட்டு மாதிரி பாடுகிறார். கோபமோ நாடகமோ கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு கனமாக இறங்குகிறது.

அவரை ப்ளூஸ்காரர் என்ற ஒரே பெயருக்குள் அடைப்பது சரியில்லை. ப்ளூஸ் என்ற வடிவம் பரவுவதற்கு முன்பே தென்மாநிலங்களில் எல்லா வகையும் பாடுகிற பாட்டுக்காரர்கள் இருந்தார்கள். கதைப்பாடல், தேவாலயப் பாட்டு, நடனப் பாட்டு, கொஞ்சம் கொச்சையான வேடிக்கைப் பாட்டு, எது கேட்டாலும் பாடுவார்கள். வெள்ளையரும் கறுப்பரும் பொதுவாக வைத்திருந்த பாட்டுகள் பல. ஹர்ட் அந்த மரபின் ஆள். வியாபாரத்தில் அவருக்கு வந்த தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு பெட்டி, ஒரே ஊர்

அவலான் பக்கத்தில் வில்லி நார்மர் என்ற வெள்ளைக்காரர் ஃபிடில் (வயலின்) வாசிப்பார். அவருக்குத் துணையாகக் கிட்டார் வாசித்தவர் ஷெல் ஸ்மித். அவர் வர முடியாத நாட்களில் நடனத்துக்கு நார்மரோடு உட்கார்ந்து வாசித்தவர் ஹர்ட். 1920களின் மிசிசிப்பி அது. ஒரே மேசையில் சாப்பிட முடியாது, ஒரே வாசல் வழியாக நுழைய முடியாது. ஆனால் நடனம் என்றால் ஃபிடில் வெள்ளைக்காரர், கிட்டார் கறுப்பர், ஒரே தாளம்.

நார்மருக்கு ஓக்கே கம்பெனியில் பதிவு செய்யும் வாய்ப்பு வந்தது. இந்தப் பக்கம் வேறு யாராவது நன்றாக வாசிப்பவர்கள் இருக்கிறார்களா என்று ராக்வெல் கேட்க, நார்மர் ஹர்டின் பெயரைச் சொல்லி வீட்டுக்கே கூட்டிப்போனார். ராக்வெல் கேட்டார், அங்கேயே முடிவு செய்தார். பிப்ரவரியில் மெம்ஃபிஸ், கழுத்து வலி.

கம்பெனி அவர் பெயருக்கு முன்னால் 'மிசிசிப்பி' என்று ஒட்டியது. விற்பனைக்காக ஒட்டிய சொல்தான், ஆனால் அதுவே அவருக்கு நிலைத்த பெயரானது.

அப்போது அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் தென்மாநில இசையை இரண்டு பெட்டிகளில் போட்டு விற்றன. கறுப்பர்கள் வாங்குவதற்கு 'ரேஸ்' தட்டுகள். வெள்ளைக்கார நாட்டுப்புற மக்களுக்கு 'ஹில்பில்லி' தட்டுகள். விளம்பரம் வேறு, பட்டியல் வேறு, எண் வரிசையும் வேறு. ஓக்கேயில் முதலாவது 8000 வரிசை, இரண்டாவது 45000 வரிசை. ஹர்டின் இசை எந்தப் பெட்டிக்கும் முழுதாகப் பொருந்தவில்லை. கறுப்பர் என்பதால் 8000 வரிசையில் போட்டார்கள். அவர் பாடியதோ பாதிக்கு மேல் இரு பக்கத்தாரும் பாடிய பழைய பாட்டுகள். கறுப்பின நகரவாசிகள் அந்த ஆண்டுகளில் தேடி வாங்கியது வேறு மாதிரி ப்ளூஸ். இந்த மாதிரி பழைய பாட்டை விரும்பிய வெள்ளைக்கார நாட்டுப்புறத்தாரின் கண்ணில் ரேஸ் தட்டு படவே படாது.

ராக்வெலுக்கு இது கொஞ்சம் புரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். 1928 நவம்பரில் அவர் ஹர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நியூயார்க்குக்கு வரவேண்டும், ஏற்றுக்கொள்ளப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் 20 டாலர், போக வரச் செலவு கம்பெனியுடையது. எட்டுப் பாட்டாவது தயார் செய்யவேண்டும், அதில் குறைந்தது நாலு, முதல் தட்டில் வந்தவை போன்ற பழைய பாட்டாக இருக்கட்டும். விற்கக்கூடியது எது என்று கண்டுகொண்ட ஆள் எழுதிய கடிதம் இது. ஆனாலும் தட்டு போய்ச் சேர்ந்தது அதே பெட்டிக்குத்தான்.

அடுத்த ஆண்டு, 1929இல், நார்மரும் ஸ்மித்தும் தங்கள் கவுண்டியின் பெயரிலேயே ஒரு ஃபிடில் மெட்டைப் பதிவு செய்தார்கள். அது ஹில்பில்லி வரிசையில் நன்றாக விற்று, தென்மாநிலம் முழுக்கப் பரவி, இன்றுவரை ஃபிடில்காரர்கள் வாசிக்கும் மெட்டாகிவிட்டது. அதே ஊர், அதே நடனக்கூடம், சில நாட்களில் அதே மேடை. பெட்டி மட்டும் வேறு. இந்த ஒப்பீட்டை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஹர்டின் தட்டு விற்காததற்குத் திறமைக் குறைவையோ 'காலம் தவறிய கலைஞர்' என்ற பேச்சையோ காரணமாகச் சொல்லும்போது, கண்முன் இருக்கும் இந்தச் சான்றை விட்டுவிடுகிறோம்.

1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. இசைத்தட்டு வியாபாரம் அடியோடு படுத்தது. அரிசி வாங்கக் காசில்லாதவன் தட்டு வாங்குவானா? சிறிய பெயர்கள் எல்லாம் பட்டியலிலிருந்து போயின.

நியூயார்க்கில் ஒரு வாரம்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1928 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையில் ஒரு வாரம். குளிர்காலம், கிறிஸ்துமஸ் நேரம், பெரிய நகரம். அங்கே அப்போதே புகழ்பெற்றிருந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞர் லானி ஜான்சனைச் சந்தித்தார். அது தவிர ஹர்டுக்கு அங்கே யாரையும் தெரியாது. வீட்டு நினைவு வந்தது. அந்த நினைவில் ஒரு பாட்டுக் கட்டினார். அவலான் என் சொந்த ஊர், எப்போதும் மனசில் அதுதான் என்கிறது அந்தப் பாட்டு. அந்தப் பயணத்திலேயே அதைப் பதிவில் பாடிக் கொடுத்துவிட்டு வந்தார்.

முகவரியைத் தட்டிலேயே பொறித்துவிட்டார் என்று சொல்லலாம்.

அதே பயணத்தில் பதிவான இன்னொரு பாட்டையும் இதன் பக்கத்தில் வைக்கிறேன். ரயில் பாதையில் வேலை செய்தபோது கற்ற பாட்டு. இயந்திரத்தோடு போட்டி போட்டுச் சம்மட்டி அடித்துச் செத்துப்போன ஜான் ஹென்றியின் கதை அமெரிக்கா முழுவதும் தெரிந்தது. வீரக் கதையாகத்தான் பாடுவார்கள். ஹர்ட் பாடும் வடிவத்தில் பேசுகிறவன் ஜான் ஹென்றி இல்லை, வேறொரு தொழிலாளி. ஜான் ஹென்றியைக் கொன்ற சம்மட்டி என்னைக் கொல்லாது என்கிறான். அதைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடுத்துவிடு, நான் போய்விட்டேன் என்று சொல் என்கிறான். அந்தப் பாட்டில் வீரமே கிடையாது. விட்டுவிட்டு நடந்துபோகிறவனின் நிதானம்தான் இருக்கிறது. அந்த நிதானத்தை இவ்வளவு மரியாதையாகப் பாடிய வேறொருவரை நான் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பழைய வாழ்க்கை. பருத்தி, சோளம், மாடு, மனைவி ஜெஸ்ஸி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுவது என்பது அந்த ஊரில் எப்போதும் கடனில் முடிகிற கணக்கு. ஒரு பெரிய கலைஞரின் நடுவயது முழுதும் அப்படிப் போனது. இதில் அழகான வறுமை என்று எதுவும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது.

கதவைத் தட்டியது யார்?

1952இல் ஹாரி ஸ்மித் என்பவர் தன்னிடம் இருந்த பழைய தட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்த பாட்டுகளை ஒரு பெரிய தொகுப்பாக வெளியிட்டார். அதில் ஹர்டின் இரண்டு பாட்டுகள் இருந்தன, அந்தச் சம்மட்டிப் பாட்டு உட்பட. வடக்கே பல்கலைக்கழகம் படிக்கும் பையன்களும் பெண்களும் அந்தக் கட்டைவிரலைக் கேட்டு அசந்துபோனார்கள். ஆள் செத்திருப்பார் என்றே பலரும் நினைத்தார்கள்.

வாஷிங்டன் பகுதியில் தட்டு சேகரித்த டிக் ஸ்பாட்ஸ்வுட், டாம் ஹாஸ்கின்ஸ் ஆகிய இளைஞர்களின் கைக்கு அவலான் பாட்டு வந்து சேர்ந்தது. பாட்டில் ஊர்ப்பெயர் இருக்கிறதே என்று வரைபடத்தைத் தேடினார்கள். அப்போதைய வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை. பழைய அட்லஸ் ஒன்றைப் புரட்டியபோது கிரீன்வுட்டுக்கும் கிரனாடாவுக்கும் நடுவில் அவலான் என்று இருந்தது. 1963 மார்ச்சில் ஹாஸ்கின்ஸ் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊர்க் கடையில் விசாரித்தார். கடையில் இருந்தவர்கள் கையை நீட்டி வழி சொன்னார்கள். இந்த ரோட்டில் போ, மூன்றாவது தபால் பெட்டி, மேட்டு மேல் வீடு.

தேடல் அவ்வளவுதான்! ஒரு கடை, ஒரு கேள்வி.

அந்த வீட்டு வாசலில் நடந்ததைப் பலர் நகைச்சுவையாகச் சொல்வார்கள். வெளிமாநிலத்து வெள்ளைக்கார இளைஞன் தன்னைத் தேடி வந்ததும், போலீஸ் ஆள் என்றோ எஃப்பிஐ என்றோ நினைத்து ஹர்ட் பயந்துவிட்டார். நான் யாருக்கும் எந்தத் தப்பும் செய்யவில்லையே என்றுதான் யோசித்தாராம். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. 1955இல் எம்மட் டில் என்ற பதினாலு வயதுக் கறுப்பினப் பையன் கடத்திக் கொல்லப்பட்டது பக்கத்து மணி கிராமத்திலிருந்துதான். ஹாஸ்கின்ஸ் வருவதற்குச் சில நாள் முன்பு, 1963 பிப்ரவரி 28 இரவு, கிரீன்வுட் அருகே கறுப்பர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையில் இருந்த ஜிம்மி டிராவிஸ் என்ற இளைஞர் காரில் போகும்போது சுடப்பட்டார். அந்தச் சூழ்நிலையில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் ஒருவன் பெயர் சொல்லிக் கேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றால் எழுபது வயதுக்காரர் பயப்படாமல் என்ன செய்வார்? வாஷிங்டனுக்கு வருகிறீர்களா என்று கேட்டபோது அவர் சரி என்றதிலும் கொஞ்சம் அந்தப் பயம் கலந்திருந்தது. மறுத்தால் என்ன ஆகுமோ என்ற எண்ணம்.

ஹாஸ்கின்ஸ் கொண்டுவந்த கிட்டாரைக் கையில் கொடுத்தார்கள். விரல்கள் விறைத்திருந்தன. ஆனால் பாட்டு எல்லாம் இருந்தது. கட்டைவிரலும் இருந்தது.

இதை மற்றவர்களோடு ஒப்பிட வேண்டும். அதே 1963இல் இன்னொரு பழைய கலைஞரான புக்கா ஒயிட்டை இதே வழியில்தான் கண்டுபிடித்தார்கள். அவரும் அபர்டீன் என்ற ஊரைப் பாட்டில் சொல்லியிருந்தார். ஜான் ஃபேஹி என்ற கிட்டார் கலைஞர் அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு, 'பழைய ப்ளூஸ் பாடகர்' என்று எழுதி ஒரு கடிதம் போட்டார். ஆள் வேறு ஊரில் இருந்தும் கடிதம் அவரிடம் போய்ச் சேர்ந்தது. 1964 ஜூனில் சன் ஹவுஸை நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் கண்டுபிடித்தபோது, அவர் பல ஆண்டுகளாகக் கிட்டாரைத் தொட்டிருக்கவில்லை. அவருடைய பழைய பதிவுகளை ஆல் வில்சன் என்ற இளைஞர் அவருக்கே திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஹர்டுக்கு அது தேவைப்படவில்லை. தொழிலாக இருந்தது கைவிட்டுப் போயிருந்தால் கூடவே பாட்டும் போயிருக்கலாம். ஹர்டுக்கு அது தொழிலாகவே இருந்ததில்லை. மேடை இல்லாதபோதும் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், சனிக்கிழமை இருந்தது. இந்த நிகழ்வில் தப்பிப் பிழைத்தது எது என்று கேட்டால் என் பதில் இதுதான்.

மாறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1928 பதிவில் விரல்கள் பறக்கின்றன. முதல் தட்டில் வந்த 'ஃபிராங்கி' என்ற கொலைப்பாட்டின் வேகத்தை இன்றும் பலரால் தொடமுடியவில்லை. 1963க்குப் பின் அதே பாட்டுகள் மெதுவாக நடக்கின்றன. குரல் தாழ்ந்து, கனிந்து, புன்னகையோடு வருகிறது. வாசிப்புக்கு இளமைக்காலப் பதிவு, பாட்டுக்கு முதுமைக்காலப் பதிவு என்பது என் கணக்கு. ஒன்றுதான் வேண்டும் என்றால் முதுமைக்காலத்தைத்தான் எடுப்பேன்.

மூன்றரை ஆண்டுகள்

அதற்குப் பிறகு நடந்தது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்த மாதிரி இருந்தது. 1963 ஜூலையில் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில் அவர் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதே மாதக் கடைசியில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. பழுப்புத் தொப்பியும் சுருக்கம் விழுந்த முகமுமாக ஒரு சிறிய உருவம் மேடையில் உட்கார்ந்து, வீட்டுத் திண்ணையில் வாசிப்பது போலவே வாசித்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அவர் கத்தவில்லை, கூட்டம்தான் அமைதியானது.

வாஷிங்டனில் குடியேறினார். ஒன்டாரியோ பிளேஸ் என்ற காபிக்கடையில் தொடர்ந்து வாசித்தார். நாடு முழுக்கக் கல்லூரிகள், விழாக்கள். புதிய இசைத்தட்டுகள். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த பையன்களுக்குப் பொறுமையாக விரல் வைத்துக் காட்டினார். ஸ்டெஃபான் கிராஸ்மன் போன்றவர்கள் அதைப் பாடமாக எழுதி உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். காபியைப் பற்றி அவர் பாடிய ஒரு பாட்டில் வரும் சொற்றொடரைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்ட லவிங் ஸ்பூன்ஃபுல் என்ற ராக் குழு பெரும் புகழ் பெற்றது.

இங்கே ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாஸ்கின்ஸும் ஸ்பாட்ஸ்வுட்டும் எட் டென்சனும் சேர்ந்து மியூசிக் ரிசர்ச் என்று ஒரு நிறுவனம் வைத்தார்கள். ஹர்ட் அதில் கையெழுத்துப் போட்டார். அவர் வருமானத்தில் பாதி நிறுவனத்துக்கு. அந்த இளைஞர்கள் இல்லாவிட்டால் நமக்கு இந்தக் கடைசி மூன்றரை ஆண்டுப் பதிவுகளே கிடையாது, அந்த நன்றி எனக்கு உண்டு. வீடு பார்த்தார்கள், கச்சேரி பிடித்தார்கள், ஆர்வமும் உண்மையானது. ஆனாலும் பாதி என்பது அதிகம். 1928இல் ஒரு பாட்டுக்கு 20 டாலரோடு கணக்கு முடிந்துபோன ஒருவரிடம், எழுபது வயதில், சட்டம் பார்த்துச் சொல்ல ஆளில்லாத நிலையில் வாங்கிய கையெழுத்து அது. அவர் இறந்த பிறகும் பதிவு உரிமைகளுக்காக வழக்குகள் நீண்டன. அன்பாலும் அநியாயம் நடக்கும் என்பதற்கு இசை வரலாற்றில் இதைவிடத் தெளிவான வழக்கை நான் பார்த்ததில்லை.

ஹர்ட் இதைப் பற்றிக் கசந்து பேசியதாகத் தெரிந்தவர்கள் யாரும் சொல்வதில்லை. அவரைச் சந்தித்தவர்கள் சொன்னதெல்லாம் அவருடைய கனிவைப் பற்றித்தான். கனிவைக் காரணம் காட்டிக் கணக்கை மூடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதினேன்.

நகரத்தில் நிலைக்கவில்லை. மனைவியோடு மிசிசிப்பிக்கே திரும்பி, கிரனாடாவில் குடியிருந்தார். 1966 பிப்ரவரியிலும் ஜூலையிலும் நியூயார்க் போய்ப் பாடிக் கொடுத்துவிட்டு வந்த பாட்டுகளே கடைசிப் பதிவுகள். இரண்டு காலமும் ஒரே மாதிரி முடிகிறது. நியூயார்க்கில் பதிவு, பிறகு ஊருக்குப் பயணம். 1966 நவம்பர் 2 அன்று கிரனாடாவில் இறந்தார். அவலானுக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய மயானத்தில் புதைத்தார்கள்.

அவர் வாழ்ந்த மர வீட்டைப் பேத்தி ஒருவர் காப்பாற்றி அருங்காட்சியகம் ஆக்கினார். ஒரே வரிசையில் அடுத்தடுத்த அறைகள் கொண்ட, அந்தப் பக்கத்து ஏழைகளின் வீடு. கிட்டார் கற்றவர்கள் தூர தேசங்களிலிருந்து அங்கே வந்து, அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, ஐந்தாவது கம்பி, நான்காவது கம்பி, ஐந்தாவது, நான்காவது என்று வாசித்துவிட்டுப் போனார்கள். 2024 பிப்ரவரியில் வீடு தீப்பிடித்து முழுதும் எரிந்துபோனது.

மிசிசிப்பி ப்ளூஸ் பாதையின் அடையாளப் பலகை ஒன்று அவலானில் இருக்கிறது. அவர் பெயர் அதில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.